திரையில் சுற்றும் பால் ஜாயிண்ட், பட்டறையில் முட்டுவது ஏன்?

முதலில் ஒரு விளக்கம். இங்கே சொல்லப் போகும் பால் ஜாயிண்ட்டுக்கும் காலையில் வரும் பால்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிண்ணம், இரண்டும் சேர்ந்தால் பால் ஜாயிண்ட். பள்ளியில் உயிரியல் பாடத்தில் "பந்துக் கிண்ண மூட்டு" என்று படித்திருப்பீர்கள். நம் தோளிலும் இடுப்பிலும் இருப்பது அதுதான். காரின் முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தால், கறுப்பு ரப்பர் உறை போட்டுக்கொண்டு அதே மூட்டு அங்கேயும் இருக்கும்.

இந்த மூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, மவுஸால் இழுத்து இயக்கிப் பார்ப்பது இப்போது வீட்டிலிருந்தே முடிகிற காரியம். செலவும் இல்லை. ஆனால் திரையில் ஓடுவதை அப்படியே நம்பி இரும்பில் செய்தால் என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியவன் என் அக்கா மகன்.

அவன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, நண்பர்களோடு சேர்ந்து ஒரு கோ-கார்ட் வண்டி செய்தான். நாலு சக்கரம், பைப் பிரேம், பழைய ஸ்கூட்டர் இன்ஜின். ஸ்டியரிங் பகுதியை மட்டும் சாப்ட்வேரில் வரைந்து, இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, வெண்ணெய் மாதிரி திரும்புகிறது என்று திருப்திப்பட்ட பிறகே லேத் பட்டறைக்குப் போனார்கள். மைதானத்தில் முதல் நாள், நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டி முழுதாக இடப்பக்கம் திருப்பியபோது ஸ்டியரிங் அப்படியே நின்றுவிட்டது. பலம் கொடுத்து இழுத்ததில் டை ராடின் முனையில் இருந்த ராட் எண்ட்டின் மரை போட்ட கழுத்து வளைந்துவிட்டது.

"சாப்ட்வேர்ல சரியாத்தான் மாமா திரும்புச்சு!" என்றான், லேப்டாப்பைத் திறந்து காட்டியபடி. உண்மைதான், திரையில் சரியாகத்தான் திரும்பியது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியே அந்த பைலை நான் ஓட்டிப் பார்த்தேன்.

மூன்று பிடி, மூன்று விடுதலை

வெற்றிடத்தில் மிதக்கும் ஒரு பொருள் ஆறு விதமாக அசையலாம். மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரலாம். இது மூன்று. இந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு சுழலலாம். இது இன்னொரு மூன்று. ஒரு கதவுக் கீல் இந்த ஆறில் ஐந்தைப் பறித்துக்கொண்டு ஒரே ஒரு சுழற்சியை மட்டும் விட்டுவைக்கிறது. பால் ஜாயிண்ட் நகர்வுகள் மூன்றையும் பறிக்கிறது, சுழற்சிகள் மூன்றையும் விட்டுவிடுகிறது.

சாப்ட்வேருக்கு இதைச் சொல்வது ஒரு வரி வேலை. "இந்தப் பாகத்தில் உள்ள இந்தப் புள்ளியும், அந்தப் பாகத்தில் உள்ள அந்தப் புள்ளியும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும்." அவ்வளவுதான் பால் ஜாயிண்ட். சாலிட்ஒர்க்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு புள்ளிகளுக்குக் கோஇன்சிடென்ட் மேட் கொடுத்தாலே போதும், அதுவும் இதுதான். உருண்டை எவ்வளவு பெரியது, கிண்ணத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது, போல்ட் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிரீகேட்டில் செய்து பார்ப்போம்

வீட்டில் பழகுவதற்கு நான் சிபாரிசு செய்வது பிரீகேட். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பல ஆண்டுகளாக இதில் பாகங்களை இணைத்து இயக்குவதற்கென்று சொந்த வசதி கிடையாது. ஏ2பிளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4 என்று ஆட்-ஆன்களைத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அசெம்பிளி ஒர்க்பெஞ்ச் உள்ளேயே வந்தது. மூட்டுகளைக் கணக்குப் போடும் சால்வரை ஆன்ட்செல் என்ற நிறுவனம் சேர்த்துத் தந்தது. அந்த நிறுவனம் அதே 2024இல் மூடப்பட்டது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் சால்வர் பிழைத்துக்கொண்டது.

முதலில் பாகங்களைத் தனித்தனியாக வரைந்து சேமித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியவை பிரேம், ஸ்டியரிங் கம்பியும் அதன் அடியில் உள்ள குட்டைக் கையும், இரண்டு டை ராட்கள், இடம் வலம் இரண்டு சக்கரக் கைகள். அழகாக வரைய வேண்டாம், குச்சியும் உருண்டையுமாக இருந்தால் போதும். ஒவ்வொரு டை ராடிலும் இரண்டு உருண்டை மையங்களையும் இணைக்கும் ஒரு நேர்கோட்டையும், ஒவ்வொரு போல்ட்டின் நடுவிலும் ஒரு நேர்கோட்டையும் மட்டும் மறக்காமல் போட்டு வையுங்கள். பின்னால் உதவும்.

அசெம்பிளி ஒர்க்பெஞ்சுக்குப் போய், கிரியேட் அசெம்பிளி கொடுத்து, இன்செர்ட் காம்பொனெண்ட் மூலம் பாகங்களைக் கொண்டு வாருங்கள். பிரேமைத் தேர்வு செய்து டாகிள் கிரவுண்டட் கிளிக் செய்யவும். இதை மறந்தால் ஸ்டியரிங்கை இழுக்கும்போது வண்டியே கூட வரும். ஸ்டியரிங் கம்பிக்கும் இரண்டு சக்கரக் கைகளுக்கும் கிரியேட் ரெவல்யூட் ஜாயிண்ட். டை ராடின் நாலு முனைகளுக்கும் கிரியேட் பால் ஜாயிண்ட்.

பால் ஜாயிண்ட் கொடுக்கும்போது எதைக் கிளிக் செய்கிறோம் என்பதில் பலர் தவறுகிறார்கள். உருண்டையின் வளைந்த பரப்பைக் கிளிக் செய்தால் மூட்டு உருண்டையின் மையத்தில் அமரும். நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் கையில் பளிச்சென்று கிடைப்பது போல்ட் ஓட்டையின் வட்ட விளிம்பு. அதைக் கிளிக் செய்தால் மூட்டு அந்த வட்டத்தின் மையத்தில், அதாவது உருண்டையின் தட்டையான முகத்தில் போய் உட்காரும். 8 மி.மீ. போல்ட் போகும் ராட் எண்ட்டில் உருண்டையின் அகலம் 12 மி.மீ. ஆக, மூட்டு 6 மி.மீ. தள்ளி விழுகிறது. 280 மி.மீ. நீளமுள்ள ராடில் இது ஒரு டிகிரிக்கு மேல் சாய்வைக் கூட்டும் அல்லது குறைக்கும். திரையில் கண்ணுக்குத் தெரியாது.

தானாகச் சுற்றும் ராட்

எல்லாம் இணைத்த பிறகு ஸ்டியரிங் கம்பியை மவுஸால் பிடித்து இழுங்கள். சக்கரக் கைகள் திரும்பும். கூடவே, டை ராட்கள் தம் நீளவாக்கில் தன்னிச்சையாக உருளும். சில சமயம் தலைகீழாகக்கூடத் திரும்பி நிற்கும். சாப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று பலர் இங்கே பயந்துவிடுகிறார்கள். கோளாறு இல்லை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அசையும் பாகங்கள் ஐந்து. ஆளுக்கு ஆறு அசைவு என்றால் முப்பது. மூன்று ரெவல்யூட் ஜாயிண்ட்கள் ஐந்தைந்தாகப் பதினைந்தைப் பறிக்கின்றன. நாலு பால் ஜாயிண்ட்கள் மும்மூன்றாகப் பன்னிரண்டைப் பறிக்கின்றன. முப்பதில் இருபத்தேழு போனால் மூன்று மிச்சம். ஒன்று நாம் கேட்ட ஸ்டியரிங் திருப்பம். மற்ற இரண்டும் இரண்டு டை ராட்களின் வெட்டிச் சுழற்சி. இரண்டு முனையும் உருண்டையாக இருக்கும் எந்தக் குச்சியும் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளத்தான் செய்யும்.

விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர் மேடைகளில் இதே வேடிக்கை பெரிய அளவில் நடக்கும். ஆறு நீளும் கால்கள் மேல் நிற்கும் அந்த மேடையை ஸ்டூவர்ட் பிளாட்பார்ம் என்கிறார்கள். ஸ்டூவர்ட்டின் ஆய்வுக் கட்டுரை வந்தது 1965இல். ஆனால் டன்லப் கம்பெனியின் கஃப், டயர்களைச் சோதிக்க இதே போன்ற ஆறு கால் இயந்திரத்தை 1950களிலேயே செய்துவிட்டார். பெயர் யாருக்குப் போகிறது பாருங்கள்! அந்த மேடையின் ஆறு கால்களுக்கும் மேலும் கீழும் பால் ஜாயிண்ட் போட்டு மேலே சொன்ன மாதிரி எண்ணினால் பன்னிரண்டு அசைவு மிச்சம் வரும். ஆறு மேடைக்கு, ஆறு கால்கள் சும்மா சுற்றுவதற்கு.

சுற்றுவதை நிறுத்த இரண்டு வழிகள். ராடின் ஒரு முனையில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாக யுனிவர்சல் ஜாயிண்ட் போடலாம். லாரியின் புரொப்பெல்லர் ஷாப்டில் சிலுவை வைத்த மூட்டு பார்த்திருப்பீர்களே, அது நாலு அசைவைப் பறிக்கும். இரண்டு ராடுக்கும் இப்படி மாற்றினால் கணக்கு சரியாக ஒன்றில் வந்து நிற்கும். பிரீகேட் 1.0இல் யுனிவர்சல் ஜாயிண்ட் தனியாக இல்லை. நடுவில் ஒரு சின்னச் சிலுவைப் பாகத்தை வரைந்து இரண்டு ரெவல்யூட் ஜாயிண்ட் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

ஆரம்பக் கட்டத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. டை ராடையே அழித்துவிடுங்கள். குட்டைக் கையின் முனைப் புள்ளிக்கும் சக்கரக் கையின் முனைப் புள்ளிக்கும் இடையே கிரியேட் டிஸ்டன்ஸ் ஜாயிண்ட் கொடுத்து, 280 என்று தூரத்தை டைப் செய்யவும். கணக்கைப் பொறுத்தவரை டை ராட் செய்கிற ஒரே வேலை அந்தத் தூரத்தைக் காப்பாற்றுவதுதான். பாகங்கள் குறைவதால் சால்வரும் திணறாது. அளவுகள் முடிவான பிறகு ராடைத் திரும்பக் கொண்டு வரலாம்.

இழுக்கும்போது கை திடீரென்று மறுபக்கம் குதித்துவிட்டால், வேகமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரே அளவுள்ள ராடை இரண்டு விதமாகப் பொருத்த முடியும் என்பதால் சால்வர் இன்னொரு நிலைக்குத் தாவிவிடுகிறது. அன்டூ கொடுத்துவிட்டு மெதுவாக இழுங்கள்.

எங்கே முட்டியது?

இப்போது வளைந்த கழுத்துக்கு வருவோம். அக்கா மகனின் பைலில் ஒரு சக்கரக் கையின் முனையை நன்றாகப் பெரிதுபடுத்திப் பார்த்தேன். முழுத் திருப்பத்தில் ராட் எண்ட்டின் இரும்பு வளையம், சக்கரக் கையின் தகட்டுக்குள் ஆவி மாதிரி புகுந்து நின்றது. மேல் முனையில் இன்னும் மோசம், வளையம் போல்ட்டையே ஊடுருவி நின்றது. சாப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்டது இரண்டு புள்ளிகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. அவை ஒன்றாகத்தான் இருந்தன.

ரெவல்யூட் ஜாயிண்ட்டில் இத்தனை டிகிரிக்கு மேல் திரும்பாதே என்று எல்லை கொடுக்க பிரீகேட்டில் கட்டம் இருக்கிறது. பால் ஜாயிண்ட்டுக்கு அந்தக் கட்டம் இல்லை. காரணமும் உண்டு. கீலுக்கு ஒரு கோணம், அதற்கு ஒரு எண். உருண்டைக்கு மூன்று சுழற்சிகள், ஆனால் அவற்றை மூன்று எண்களாக எழுதும்போது எந்த அச்சில் முதலில் சுற்றினோம் என்ற வரிசை மாறினால் எண்களும் மாறிவிடும். சில நிலைகளில் இரண்டு அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கணக்கே பூட்டிக்கொள்ளும். இதற்குத்தான் கிம்பல் லாக் என்று பெயர். அப்போலோ விண்கலங்களில் விண்வெளி வீரர்கள் தவிர்க்க வேண்டிய ஒன்றாக இருந்தது இதுவே. இதிலிருந்து தப்பிக்க கிராபிக்ஸ் புரோகிராம்கள் குவாட்டர்னியன் என்ற நாலு எண் முறையைப் பயன்படுத்துகின்றன. பிரீகேட்டும் உள்ளுக்குள் அதைத்தான் வைத்திருக்கிறது. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரில் கால்வாய் ஓரமாக மனைவியோடு நடந்துபோன ஹாமில்டனுக்கு வழியில் உதித்த யோசனை அது. பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறி வைத்துவிட்டாராம். நம் ஊரில் பாலத்தில் வேறு எதையோ கீறுகிறார்கள்.

சரி, கட்டம் இல்லாவிட்டால் என்ன? நாமே அளந்துகொள்ளலாம்.

உண்மையான ராட் எண்ட் எவ்வளவு சாயும்? 8 மி.மீ. ராட் எண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையின் அகலம் 12, அதைக் கவ்வும் வளையத்தின் அகலம் 9, வளையத்தின் வெளிவிட்டம் 24 மி.மீ. உருண்டை வளையத்துக்கு வெளியே ஒரு பக்கம் ஒன்றரை மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு அகலமான தகட்டின் மேல் நேரடியாக வைத்து போல்ட் போட்டால், ஏழு டிகிரியைத் தாண்டியதும் வளையத்தின் வெளி ஓரம் தகட்டில் இடித்துவிடும். கேட்டலாக்கில் இந்த அளவுக்கு 14 டிகிரி என்று போட்டிருக்கும். அந்த 14 கிடைக்க வேண்டுமானால் உருண்டையின் முகத்துக்குப் பக்கத்தில் எதுவும் இடிக்காமல் இடம் விட்டிருக்க வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைப் பட்டறையில் யாரும் படிப்பதில்லை.

இனி வண்டியின் கணக்கு. சக்கரக் கையின் போல்ட் செங்குத்தாக இருக்கிறது. ராடின் மேல் முனை கீழ் முனையைவிட 30 மி.மீ. உயரத்தில் இருந்தது. 280 மி.மீ. ராடுக்கு அது ஆறு டிகிரிக்குச் சற்று மேலான சாய்வு. நேராக ஓட்டும்போது பிரச்சினை இல்லை. ஸ்டியரிங் கம்பி செங்குத்திலிருந்து 50 டிகிரி சாய்ந்திருந்தது, குட்டைக் கையின் நீளம் 50 மி.மீ. தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கை 45 டிகிரி திரும்பும்போது ஊஞ்சல் மாதிரி மேலே ஏறும். எவ்வளவு? 11 மி.மீ. ஆக, உயர வித்தியாசம் 41 ஆகிவிட்டது. சாய்வு எட்டரை டிகிரி. இருந்த இடம் ஏழு. ஒன்றரை டிகிரிக்குத்தான் கழுத்து வளைந்தது!

இதைச் சாப்ட்வேரில் பார்க்க வழி சுலபம். ராடில் போட்டு வைத்த நடுக்கோட்டையும் போல்ட்டின் நடுக்கோட்டையும் தேர்வு செய்து, 1.0இல் வந்துள்ள மெஷர் கருவியைக் கிளிக் செய்யுங்கள். கோணம் கிடைக்கும். அது 90இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவு சாய்வு அந்த மூட்டுக்குக் கட்டாயம் தேவை. ராட் எப்படி உருண்டு நின்றாலும் இந்த எண் மாறாது. அதனால்தான் வெட்டிச் சுழற்சியைப் பற்றிக் கவலைப்படாமல் இதை அளக்கலாம். நேர் நிலை, முழு இடம், முழு வலம், ஒவ்வொன்றிலும் நாலு முனைகளையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

வளையத்தையும் தகட்டையும் முழு வடிவில் வரைந்து, பார்ட் ஒர்க்பெஞ்சில் இன்டர்செக்ஷன் கொடுத்து இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் ராட் எந்தப் பக்கம் உருண்டு நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். கோணம் அளந்த பிறகு இதைச் செய்வதே நல்லது.

போல்ட் ஊடுருவிய அந்த மேல் முனைக்குக் காரணம் வேறு. ஸ்டியரிங் கம்பியோடு சேர்ந்த போல்ட் 50 டிகிரி சாய்ந்து நிற்கிறது, சக்கரக் கையின் போல்ட் செங்குத்தாக நிற்கிறது. ராடை நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 50 டிகிரி தெரியும். எனவே இரண்டு முனை வளையங்களையும் ஒன்றுக்கொன்று 50 டிகிரி முறுக்கி வைத்துத்தான் லாக் நட்டை இறுக்க வேண்டும். இவர்கள் வரைந்த ராடில் இரண்டு வளையங்களும் ஒரே தளத்தில் இருந்தன. பட்டறையில் போல்ட் போகவில்லை என்றதும் குத்துமதிப்பாக முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். வரைபடத்தில் 50 என்று எழுதியிருந்தால் குத்துமதிப்புக்கு வேலை இருந்திருக்காது.

சரி செய்ய ஆன செலவு சொற்பம். வளைந்த ராட் எண்ட்டைத் தூக்கிப் போட்டோம். அதை நிமிர்த்திப் போடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வளைந்து நிமிர்ந்த மரை எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. புதியதை மாட்டி, உருண்டைக்கும் தகட்டுக்கும் நடுவே லேத்தில் கடைந்த கூம்பு வடிவ வாஷர்களை வைத்தோம். உருண்டைப் பக்கம் குறுகலாகவும் தகட்டுப் பக்கம் அகலமாகவும் இருப்பதால் வளையத்துக்குச் சாய இடம் கிடைத்தது. எட்டரை டிகிரி இப்போது தாராளம். சாப்ட்வேரிலும் அந்த வாஷரை வரைந்து சேர்த்துக் கோணங்களை மறுபடி அளந்த பிறகே வண்டியை எடுக்க விட்டேன்.

லாக் நட்டை இறுக்கும் முறையையும் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு டை ராடைக் கையால் பிடித்து உருட்டினால், முன்னும் பின்னும் கொஞ்சம் உருண்டு நிற்கும். திரையில் நம்மைத் தொந்தரவு செய்த அதே வெட்டிச் சுழற்சிதான். இரண்டு பக்கமும் அது சமமாக உருளும்படி வைத்து நட்டை இறுக்க வேண்டும். பிறகு முழு இடம் திருப்பி ஒருமுறை, முழு வலம் திருப்பி ஒருமுறை உருட்டிப் பார்க்க வேண்டும். எந்த நிலையிலாவது ராட் கொஞ்சமும் உருளாமல் விறைத்து நின்றால், எங்கோ வளையம் முட்டுகிறது, வண்டியை எடுக்கக் கூடாது. "இதுக்கு லேப்டாப்பே வேண்டாமே மாமா" என்றான். லேப்டாப்பில் பார்த்திருந்தால் ராட் எண்ட் காசு மிச்சம் என்றேன்.